எண்ணும் வழியும்

ஒரு கிராமத்தைப் பற்றி அறிய விழைவோர் முதலிற் கேட்கும் வினாக்கள் இரண்டு. அங்கே எத்தனை பேர் வாழ்கின்றனர் என்பது ஒன்று. அங்கே போவது எப்படி என்பது மற்றொன்று. முதல் வினாவுக்கு விடை எண். இரண்டாவதற்கு விடை வழி. பெண் கேட்டுப் போகும் உறவினரும், மருந்து விற்கப் போகும் வியாபாரியும், வாக்குக் கேட்டுப் போகும் அரசியல்வாதியும் இவ்விரண்டையும் கேட்டறிந்த பின்னரே புறப்படுகின்றனர்.

தமிழில் இவ்விரு சொற்களுக்கும் உள்ள பொருள்வளம் ஊன்றி நோக்கத்தக்கது. எண்ணுதல் என்பது கணக்கிடுதலையும் குறிக்கும், நினைத்தலையும் குறிக்கும். வழி என்பது பாதை. அதுவே உபாயமும் ஆகும். தலைமுறை தலைமுறையாக வரும் தொடர்ச்சியையும் வழி என்றே வழங்குவர். 'வழியற்றவன்' என்று ஒருவனைச் சொல்லும்போது அவன் கால்வைக்கப் பாதையில்லாதவன் என்று எவரும் கருதுவதில்லை. வாழ உபாயமில்லாதவன் என்றே கருதுகின்றனர். ஆயினும் இந்தியாவின் பல்லாயிரம் சிற்றூர்களைப் பொறுத்தவரையில் இவ்விரு பொருளும் வேறுவேறல்ல. பாதையில்லாமையே அங்கு வழியில்லாமையாயிற்று.

இந்தியக் குடிசன மதிப்பீட்டின் ஏடுகளிலே ஒவ்வொரு கிராமத்துக்கும் ஒரு வரி ஒதுக்கப்பட்டிருக்கின்றது. 2011ஆம் ஆண்டின் கணக்கெடுப்பு 6 இலட்சத்து 40 ஆயிரத்துக்கு மேற்பட்ட கிராமங்களைப் பதிவு செய்தது. நாட்டு மக்களுள் ஏறத்தாழ 83 கோடிப் பேர், அதாவது நூற்றுக்கு 69 பேரளவில், கிராமப்புறங்களில் வாழ்ந்தனர். இப்பெருந்தொகையைத் தாளில் அடக்குவதற்கு ஒவ்வோர் ஊரும் ஒரு வரியாகச் சுருங்க வேண்டியிருந்தது. வீடுகள் எத்தனை, மக்கள் எத்தனை, அவருள் ஆண் எத்தனை, பெண் எத்தனை, ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் எத்தனை, எழுத்தறிந்தோர் எத்தனை, உழவர் எத்தனை, உழவுக் கூலிகள் எத்தனை என்று கட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடர்கின்றன. ஆண்டில் ஆறு மாதமேனும் வேலை கிடைத்தவர் ஒரு கட்டத்திலும், அதற்குக் குறைவாகக் கிடைத்தவர் இன்னொரு கட்டத்திலும் இடம்பெறுகின்றனர்.

மக்களை எண்ணி முடித்தபின் வசதிகளின் அட்டவணை வருகின்றது. பாடசாலை உண்டா, வைத்திய நிலையம் உண்டா, தபாலகம் உண்டா, பஸ் வருகின்றதா, தார் வீதி உண்டா, புகையிரத நிலையம் உண்டா என்பன அதிற் காணப்படும். ஊருக்குள் இல்லாத வசதி எவ்வளவு தொலைவில் உள்ளது என்பதைக் காட்ட ஓர் எழுத்து இடப்படுகின்றது. 5 கிலோமீற்றருக்கு உட்பட்டதாயின் 'ஏ'. 5 முதல் 10 வரையாயின் 'பி'. 10 கிலோமீற்றருக்கு மேற்பட்டதாயின் 'சி'. கணக்கெடுப்போருக்கு இம்முறை வசதியானதே. ஆயின் 'சி' என்ற எழுத்துக்குள் 11 கிலோமீற்றரும் அடங்கும், 60 கிலோமீற்றரும் அடங்கும். பிரசவ வேதனையில் துடிக்கும் ஒரு பெண்ணுக்கு இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள வேற்றுமை உயிருக்கும் மரணத்துக்கும் இடையிலுள்ள வேற்றுமையாகும். அட்டவணையோ இரண்டையும் ஒரே எழுத்தாற் சொல்லிவிட்டு அடுத்த ஊருக்குப் போய்விடுகின்றது.

அந்த ஓர் எழுத்துக்குள் ஒரு மனிதனின் இருபத்திரண்டு ஆண்டுக்கால வாழ்வு மறைந்துபோன கதை ஒன்று உண்டு.

பீகார் மாநிலத்தின் கயா மாவட்டத்திலே கெஹ்லோர் என்ற சிற்றூர் உள்ளது. புத்தர் ஞானம் பெற்ற புத்தகயாவினால் உலகறிந்த மாவட்டம் அது. கெஹ்லோரை அறிந்தோரோ நெடுங்காலம் மிகச் சிலர். ஊரின் ஓரத்தில் ஒரு கற்குன்று நீண்டு கிடக்கின்றது. அத்ரி, வசீர்கஞ்ச் என்னும் இரு வட்டாரங்களையும் அது பிரித்து நின்றது. குன்றின் அப்பாலுள்ள இடங்கள் கண்ணுக்கு அண்மையில் இருந்தனவாயினும், அவற்றை அடைவதற்குக் குன்றைச் சுற்றிக்கொண்டு போகவேண்டும். இல்லையேல் வழுக்கும் பாறையிலே உயிரைக் கையிற் பிடித்துக்கொண்டு ஏறி இறங்கவேண்டும். சுற்றிப் போனால் இரு வட்டாரங்களுக்கும் இடைப்பட்ட தூரம் 55 கிலோமீற்றர் என்பர்.

அவ்வூரில் வாழ்ந்த தசரத் மாஞ்சி முசாகர் என்னும் சாதியைச் சேர்ந்தவர். எலி பிடித்து உண்போர் என்ற பொருளில் வழங்கப்பட்ட அப்பெயரே அம்மக்களைச் சமூகம் எங்கே நிறுத்தியது என்பதைக் காட்டப் போதுமானது. நிலமில்லாதோர், பிறர் வயலிற் கூலிக்கு உழைப்போர், பள்ளிக்கூடம் நெடுங்காலம் எட்டாத தொலைவில் வைக்கப்பட்டோர். மாஞ்சி இளமையில் ஊரைவிட்டு ஓடித் தன்பாத் நிலக்கரிச் சுரங்கங்களில் வேலை செய்து, பின்னர் திரும்பி வந்து ஊரிலே கூலியாளாக வாழ்ந்தார். அவருடைய மனைவி பால்குனி தேவி. குன்றைக் கடக்கும் பாதையில் வழுக்கி விழுந்து அவர் காயமுற்றார் என்றும், உரிய காலத்தில் வைத்தியரிடம் கொண்டுசெல்ல இயலாமையால் 1959ஆம் ஆண்டளவில் மாண்டார் என்றும் சொல்லப்படுகின்றது. அவர் தண்ணீர் கொண்டு சென்றாரா, கணவனுக்கு உணவு கொண்டு சென்றாரா என்பதிற் கதை கூறுவோர் வேறுபடுவர். வழி இல்லாமையே அவரைக் கொன்றது என்பதில் வேறுபாடு இல்லை.

1960ஆம் ஆண்டில் மாஞ்சி ஒரு சுத்தியலையும் உளியையும் எடுத்துக்கொண்டு குன்றை உடைக்கத் தொடங்கினார். அக்கருவிகளை வாங்குவதற்குத் தம் ஆடுகளை விற்றார் என்பர். பகலிற் கூலி வேலையும் அது முடிந்த வேளைகளிற் குன்று வேலையுமாக அவருடைய நாள்கள் கழிந்தன. ஊரார் முதலில் அவரைப் பித்தன் என்றனர். பித்தன் என்று சொன்னோருட் சிலரே பின்னர் உணவு கொடுத்தனர். கருவி வாங்க உதவினர். 1982ஆம் ஆண்டில் குன்று வழிவிட்டது. ஏறத்தாழ 110 மீற்றர் நீளமும் 9 மீற்றர் அகலமும், ஆழமான இடங்களில் 7 மீற்றருக்கு மேற்பட்ட ஆழமும் கொண்ட ஒரு பிளவு அது. அத்ரிக்கும் வசீர்கஞ்சுக்கும் இடைப்பட்ட தூரம் 55 கிலோமீற்றரிலிருந்து 15 கிலோமீற்றராகக் குறைந்தது.

இங்கே மீண்டும் அட்டவணையை நோக்குக. அதன் முறைப்படி 55 கிலோமீற்றரும் 'சி'. 15 கிலோமீற்றரும் 'சி'. இருபத்திரண்டு ஆண்டுகள் ஒருவன் மலையோடு போராடி 40 கிலோமீற்றரைத் தின்று தீர்த்தான். ஏட்டில் ஓர் எழுத்தும் மாறுவதற்கில்லை. இது கணக்கெடுப்போரின் குற்றமன்று. அவர்கள் அளவுகோலை அமைத்தபோது இத்தகைய மனிதன் ஒருவன் எங்கோ இருப்பான் என்று எண்ணியிருக்க மாட்டார்கள். எண்ணினார்கள், ஆனால் எண்ணவில்லை என்று தமிழிற் சொல்லிவிடலாம்.

மாஞ்சி 2007ஆம் ஆண்டு ஆகஸ்டு 17ஆம் திகதி டில்லி மருத்துவமனை ஒன்றிற் புற்றுநோயினாற் காலமானார். பீகார் அரசு அவருக்கு அரச மரியாதையுடன் இறுதிக்கடன் செய்வித்தது. 2015ஆம் ஆண்டில் அவர் வாழ்க்கை திரைப்படமாயிற்று. 2016ஆம் ஆண்டில் அவர் உருவம் தபால் முத்திரையில் ஏறியது. புகழுக்குக் குறைவில்லை. எனினும் அவரைப் புகழுமிடத்து ஒரு வினாவை விழுங்கிவிடுதல் எளிது. ஒரு கூலியாள் சுத்தியலோடு இருபத்திரண்டு ஆண்டுகள் நின்று செய்த வேலையை ஓர் அரசு தன் பொறியியலாளரைக் கொண்டு சில மாதங்களிற் செய்து முடித்திருக்கக் கூடாதா? வீரன் ஒருவனைப் பெற்றெடுத்தமைக்காக ஒரு நாடு பெருமைப்படலாம். அவ்வீரம் தேவைப்பட்டமைக்காக அது நாணவும் வேண்டும்.

அரசுகள் இவ்வினாவை முற்றாக மறந்திருந்தன என்று கூறுதல் நியாயமாகாது. 2000ஆம் ஆண்டு டிசம்பர் 25ஆம் திகதி இந்திய மத்திய அரசு பிரதம மந்திரி கிராம வீதித் திட்டத்தைத் தொடக்கிற்று. அக்காலத்தில் நாட்டிலிருந்த 8 இலட்சத்து 25 ஆயிரம் குடியிருப்புக்களில் ஏறத்தாழ 3 இலட்சத்து 30 ஆயிரம் குடியிருப்புக்களுக்கு எல்லாப் பருவங்களிலும் செல்லத்தக்க வீதி இருக்கவில்லை என்று மதிப்பிடப்பட்டது. பத்துக் குடியிருப்புக்களில் நான்கு மழைக்காலத்திலே தீவுகளாயின என்பதே இதன் பொருள். டீசல் எண்ணெய் மீது விதித்த வரியிலிருந்து பணம் பெற்று, இத்தீவுகளைக் கரையோடு இணைக்கும் வேலை தொடங்கியது.

அனைத்து ஊர்களுக்கும் ஒரே நாளில் வீதி போட எந்த அரசாலும் இயலாது. யாருக்கு முதலில் என்ற கேள்வி எழுகின்றது. இக்கேள்விக்குத்தான் குடித்தொகை விடையாக வந்தது. ஆயிரம் பேருக்கு மேற்பட்ட குடியிருப்புக்களுக்கு முதலிடம். அடுத்து 500 பேருக்கு மேற்பட்டவை. மலைநாடு, பாலைநிலம், பழங்குடியினர் வாழும் பகுதி ஆகியவற்றில் 250 பேர் இருந்தாற் போதும். இவ்விதியாலே எண் வழியாயிற்று. அதுவரையில் ஏட்டில் அருகருகே கிடந்த இரு கட்டங்கள், ஒன்று மற்றொன்றுக்குக் காரணமாக மாறின. 510 பேர் வாழும் ஊருக்கு வீதி வரும். 490 பேர் வாழும் ஊர் காத்திருக்கும். இருபது பேரின் பிறப்பும் இறப்பும் ஓர் ஊரின் விதியை நிர்ணயித்தன.

இவ்விதியைக் குறைகூறுவதும் எளிதன்று. எங்கோ ஒரு கோடு கீறியே ஆகவேண்டும். செல்வாக்குள்ளவனின் தோட்டத்துக்கு வீதி போகும் நாட்டிலே, எண்ணை நீதிபதியாக்குதல் ஏழைக்குக் காவலாகும். எண் சாதி பார்ப்பதில்லை, கைலஞ்சம் வாங்குவதில்லை. கோட்டின் இப்பக்கமும் அப்பக்கமும் நிற்போர் ஒரே மழையில் நனைகின்றனர் என்பதை அது அறிவதுமில்லை.

அன்றியும், எதை ஊர் என்று கொள்வது என்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. வருவாய்த்துறையின் எல்லைக்குள் அடங்கும் நிலப்பரப்பே ஏட்டில் ஒரு கிராமம். கண்ணால் காணும் ஊரோ வேறு. பீகாரின் கிராமம் ஒன்று பல 'டோலா'க்களாகச் சிதறிக் கிடக்கும். நிலமுடையோரின் டோலா ஓரிடத்தில். கூலியாளரின் டோலா வயல்களுக்கு அப்பால், பெரும்பாலும் தாழ்ந்த நிலத்தில். வீதித் திட்டம் கிராமத்தை விடுத்துக் குடியிருப்பையே அலகாகக் கொண்டமை இவ்வகையில் ஒரு நன்மையே. பெரிய டோலாவுக்கு வீதி வந்துவிட்டமையால் சிறிய டோலாவுக்கும் வந்துவிட்டது என்று எழுதிவிடும் வழக்கத்துக்கு அது ஓரளவு தடையாயிற்று. ஆயின் சமவெளியில் 500 மீற்றருக்குள் ஒரு நல்ல வீதி இருக்குமாயின் அக்குடியிருப்பு இணைக்கப்பட்டதாகவே கொள்ளப்படும். அந்த 500 மீற்றர், ஆவணி மாதத்துச் சேற்றில், கட்டிலிற் கிடத்திய நோயாளியை நால்வர் தோளிற் சுமந்து செல்லும் தூரமும் ஆகலாம்.

இன்னொரு நுட்பமும் கவனிக்கத்தக்கது. ஓர் இணைப்பு, ஒரே இணைப்பு என்பதே திட்டத்தின் கொள்கை. எந்தத் திசையிலேனும் ஒரு வீதியால் உலகோடு தொடர்புற்ற குடியிருப்பு 'இணைக்கப்பட்டது' என்ற பட்டியலிற் சேர்ந்துவிடும். சுற்றுவழியைக் குறுக்கும் இரண்டாவது பாதைக்கு அதிலே இடமில்லை. குன்றைச் சுற்றி 55 கிலோமீற்றர் போகும் ஒரு வீதி இருந்திருக்குமாயின், குன்றைப் பிளக்கும் விண்ணப்பம் அலுவலகத்தின் முதல் மேசையையே தாண்டியிராது. மாஞ்சி வெட்டிய பாதை எந்த விதியினுள்ளும் அடங்காத பாதை. தேவை ஒன்றே அதற்கு விதியாயிருந்தது.

இனி எண் பிறக்கும் இடத்தை நோக்கலாம். இந்தியாவிற் குடிசன மதிப்பீட்டுக்கு வீடுவீடாகச் செல்பவர் பெரும்பாலும் பாடசாலை ஆசிரியர். 2011ஆம் ஆண்டில் அவர்கள் பெப்ரவரி 9 முதல் 28 வரை இப்பணியிற் சென்றனர். மார்ச் 1ஆம் திகதி தொடங்கும் நள்ளிரவே கணக்கின் கணம். பெப்ரவரி 28 இரவில், வீடற்றவர்களைத் தேடிப் புகையிரத நிலையங்களிலும் பாலங்களின் கீழும் ஆசிரியர்கள் சென்றனர். வீடற்றோரையும் விட்டுவிடலாகாது என்ற அந்த எண்ணம் போற்றத்தக்கது.

ஆனால் பெப்ரவரியிற் கயா மாவட்டத்து முசாகர் டோலாவிலே யார் இருப்பர்? மழைக்காலம் முடிந்து அறுவடையும் ஓய்ந்தபின் நிலமற்ற குடும்பங்கள் பல செங்கற் சூளைகளை நோக்கிப் புறப்படுகின்றன. தரகரிடம் முன்பணம் வாங்கி, கணவன் மனைவி குழந்தைகள் யாவரும் சட்டிபானைகளோடு போய், தொலைதூரச் சூளைகளில் மண் பிசைந்து கல் அறுத்து, அடுத்த மழைக்கு முன்னரே திரும்புகின்றனர். எண்ணும் காலம் முழுவதும் ஊரில் இல்லாதவர் அவ்வூர்க் கணக்கிற் சேரார் என்பது விதி. அவர் எங்கே இருந்தாரோ அங்கேதான் எண்ணப்படுவார். எனவே ஆசிரியர் தம் தாளை விரித்துக்கொண்டு டோலாவுக்குள் நுழையும்போது, பல வாசல்களிற் பூட்டுத் தொங்கும். அல்லது பூட்ட எதுவுமில்லாமையால் ஒரு படல் சாத்தியிருக்கும். திண்ணையிலே ஒரு கிழவி இருப்பாள். அவள் எண்ணப்படுவாள். அவளுடைய மகனும் மருமகளும் பேரப்பிள்ளைகளும் வேறெங்கோ ஒரு சூளையின் கணக்கிற் சேர்வர். அங்கே அவர்களுக்கு வீதி தேவையில்லை. ஆறு மாதத்தில் அவ்விடத்தை விட்டுப் போய்விடுவர். வீதி தேவைப்படும் இடத்திலோ அவர்கள் இல்லை.

இதன் விளைவு யாதெனில், வறுமையால் மக்கள் வெளியேறுகின்றனர். வெளியேறுவதால் எண் குறைகின்றது. எண் குறைவதால் வீதி பிந்துகின்றது. வீதி பிந்துவதால் வறுமை நீள்கின்றது. செக்குமாடு சுற்றுவதுபோல இவ்வட்டம் சுற்றிக்கொண்டிருக்கின்றது. ஒவ்வோர் அலுவலகமும் தன் விதியைச் சரிவர நிறைவேற்றியது. எவரும் பொய் எழுதவில்லை. ஆயினும் எல்லாம் கூடி ஓர் அநீதியாகத் திரண்டுவிட்டன.

பொய் எழுதியோரும் உண்டு என்பதைச் சொல்லாமல் விடலாகாது. சாம் ஆஷர், பால் நோவோசாட் என்னும் பொருளியலாளர் இருவர் இவ்வீதித் திட்டத்தை ஆராய்ந்து, தம் முடிவுகளை 2020ஆம் ஆண்டில் வெளியிட்டனர். திட்டத்துக்கென அறிவிக்கப்பட்ட குடித்தொகை எண்களை அவர்கள் வரிசைப்படுத்திப் பார்த்தபோது, 500, 1000 என்ற வரம்புகளுக்குச் சற்று மேலே குடியிருப்புக்கள் இயல்புக்கு மாறாகக் குவிந்திருக்கக் கண்டனர். வரம்பை அறிந்தவர்கள் எண்ணைச் சற்றே உயர்த்தி எழுதியிருந்தனர். ஆகவே ஆய்வாளர் அவ்வெண்களை ஒதுக்கி, குடிசன மதிப்பீட்டின் எண்களையே தம் ஆய்வுக்கு எடுத்துக்கொண்டனர். எண் கைலஞ்சம் வாங்குவதில்லை என்பது உண்மையே. ஆனால் எண்ணை எழுதுவது கை. அந்தக் கைகளில் எத்தனை தன் ஊருக்கு ஒரு வீதி வேண்டும் என்ற பாசத்தால் எழுதின, எத்தனை ஒப்பந்தக்காரனின் ஆதாயத்துக்காக எழுதின என்பதை எந்த வரைபடமும் காட்டாது. பக்கத்து ஊரில் உண்மை எழுதிய ஒருவன் தன் மக்களைச் சேற்றில் நிறுத்திவிட்டான் என்பது மட்டும் தெளிவு.

அந்த ஆய்வின் முடிவு இன்னும் சிந்திக்க வைப்பது. வரம்புக்குச் சற்று மேலுள்ள ஊர்களும் சற்றுக் கீழுள்ள ஊர்களும் மற்றெல்லா வகையிலும் ஒத்தவை. ஒன்றுக்கு வீதி கிடைத்தது, மற்றொன்றுக்குக் கிடைக்கவில்லை. ஆகவே இரண்டையும் ஒப்பிட்டு வீதி செய்த மாற்றம் யாது என்று அறியலாம். வீதி வந்தால் உழவு செழிக்கும், வருமானம் பெருகும், ஊரிலே தொழில்கள் முளைக்கும் என்பது நெடுங்கால நம்பிக்கை. ஆய்வாளர் கண்டதோ வேறு. வீதி வந்து நான்காண்டுகள் சென்றபின், உழவிலோ வருமானத்திலோ உடைமைகளிலோ பெரிய மாற்றம் எதுவும் தெரியவில்லை. ஒன்றுமட்டும் தெளிவாக மாறியிருந்தது. மக்கள் வயல்வேலையை விட்டு வேறு கூலிவேலைக்குப் போகத் தொடங்கியிருந்தனர். ஊருக்குள் உலகம் வரும் என்று எதிர்பார்த்துப் போட்ட வீதியிலே ஊரவர் உலகத்துக்குள் போயினர்.

இதனைத் தோல்வி என்று கருதுவோர் உளர். அவர்கள் நிலமற்றவனின் நிலையில் நின்று பார்க்கவேண்டும். வயலுடையவன் ஒருவனே வேலை கொடுப்பவனாக இருக்கும் ஊரில், அவன் சொன்னதே கூலி. அவன் நினைத்ததே நேரம். காலையிற் போய் மாலையில் திரும்பத்தக்க தூரத்தில் இன்னொரு வேலை இருக்குமாயின், அதற்குப் போகாமல் விடினும், போகலாம் என்ற ஒரு சொல்லே அவனுக்குப் பலம். மாஞ்சியின் குன்று கல்லால் ஆனது மட்டுமன்று. கூலியாளன் இன்னொரு வாசலைத் தட்டாதபடி தடுத்துநின்ற எல்லாமே அக்குன்றின் பகுதிகளாகும்.

பிள்ளைகளின் நிலையும் மாறியது. வீதி பெற்ற ஊர்களில், ஆரம்ப வகுப்பைத் தாண்டி நடுவகுப்புக்களிற் சேரும் பிள்ளைகளின் தொகை உயர்ந்தது என்று இவர்களே இன்னோர் ஆய்வாளருடன் சேர்ந்து செய்த ஆய்வு காட்டிற்று. பீகாரிலேயே இதற்கு வேறொரு சான்றும் உண்டு. 2006ஆம் ஆண்டில் மாநில அரசு, ஒன்பதாம் வகுப்பிற் சேரும் பெண்பிள்ளைகளுக்குச் சைக்கிள் வாங்கப் பணம் கொடுத்தது. கார்த்திக் முரளிதரன், நிசித் பிரகாஷ் என்னும் இருவர் 2017ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வின்படி, உரிய வயதில் இடைநிலைப் பள்ளியிற் சேரும் பெண்களின் தொகை நூற்றுக்கு 32 வீதம் உயர்ந்தது. ஆண் பெண் வேறுபாடு நூற்றுக்கு 40 வீதம் குறைந்தது. பள்ளி தொலைவிலுள்ள ஊர்களிலேதான் இவ்வுயர்வு மிகுதியாயிருந்தது. பஸ் வராத ஊர். பெற்றோர் தனியே நடந்துபோக விடாத தூரம். இரண்டு சக்கரங்கள் அத்தூரத்தைச் சுருக்கிவிட்டன. சீருடை அணிந்த பெண்பிள்ளைகள் கூட்டமாகச் சைக்கிளிற் போகும் காட்சி, அந்நாட்டுக் கிராமத்து வீதிகளிலே அதற்கு முன் காணக்கிடைக்காத ஒன்று. போக்குவரத்து என்றால் பஸ்ஸும் புகையிரதமும் மாத்திரமே என்று கருதுவோர் இதனையும் கணக்கிற் சேர்க்கவேண்டும்.

வீதி போடுவதோடு கடமை முடிவதில்லை என்பதும் ஒரு பழைய பாடம். இத்திட்டத்தில் வீதி அமைத்த ஒப்பந்தக்காரரே ஐந்தாண்டுகள் அதனைப் பேணவேண்டும். அதன்பின் பொறுப்பு மாநிலத்தைச் சாரும். ஆறாம் ஆண்டின் மழை வரும்போது பல வீதிகள் யாருடையவை என்ற கேள்வி எழுகின்றது. தார் பெயர்ந்து, குழி விழுந்து, மாரியில் ஓடையாகும் வீதி ஏட்டில் மட்டும் வீதியாகவே இருக்கும். அவ்வூர் 'இணைக்கப்பட்டது' என்ற பட்டியலில் ஒருமுறை ஏறிவிட்டது. இறங்குவதற்கு அங்கே படியில்லை.

எண்ணின் நிலையும் அத்தகையதே. 2021ஆம் ஆண்டில் நடைபெறவேண்டிய குடிசன மதிப்பீடு கொள்ளை நோயால் பிற்போடப்பட்டது. 2027ஆம் ஆண்டு மார்ச் 1ஆம் திகதியே அடுத்த கணக்கின் கணம் என்று 2025ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அரசு அறிவித்தது. இதற்கிடையில், 2024ஆம் ஆண்டு செப்டெம்பரில், வீதித் திட்டத்தின் நான்காம் கட்டத்துக்கு மத்திய அரசு அனுமதி வழங்கிற்று. இன்னும் இணைக்கப்படாத 25,000 குடியிருப்புக்களுக்கு 62,500 கிலோமீற்றர் வீதி அமைப்பது அதன் நோக்கம். இம்முறையும் சமவெளியில் 500 என்பதே வரம்பு. அதற்கு ஆதாரமான எண்ணோ 2011ஆம் ஆண்டின் எண். அவ்வாண்டு பெப்ரவரியிலே தாயின் மடியிற் சூளையில் இருந்த குழந்தை, நான்காம் கட்டம் அனுமதி பெற்றபோது பதின்மூன்று வயதைக் கடந்துவிட்டது. அதன் ஊருக்கு வீதி வருமா என்பதை, அது ஊரில் இல்லாதபோது எடுக்கப்பட்ட கணக்கே இன்றும் தீர்மானிக்கின்றது.

அடுத்த கணக்கும் பெப்ரவரி, மார்ச் மாதங்களையே சார்ந்து வருகின்றது. சூளைகள் அப்பொழுதும் எரியும். டோலாவின் வாசலில் ஆசிரியர் நிற்கும்போது, படல் சாத்திய வீடுகளைக் கண்டு ஒரு கணம் தயங்குவாராயின், இவ்வீட்டார் எங்கே என்று கிழவியிடம் கேட்பாராயின், அந்த விடையை எழுதுவதற்கும் ஒரு கட்டம் வேண்டும். அதன் பெயர் எதுவாயினும் ஆகுக: 'போயிருக்கின்றனர், திரும்புவர்' என்று அது சொல்லுமாயிற் போதும். வீதி யாருக்கு என்று தீர்மானிப்போர் அக்கட்டத்தையும் கூட்டிப் பார்ப்பாராயின், பல ஊர்கள் கோட்டின் இப்பக்கம் வந்துசேரும்.

கெஹ்லோர்க் குன்றிலே வெட்டப்பட்ட பிளவின் இருபுறமும் உளி பட்ட பாறைகள் இன்றும் நிற்கின்றன. அவ்வழியே இன்று வாகனங்கள் செல்கின்றன, பிள்ளைகள் செல்கின்றனர். அதனை வெட்டியவர் கணக்குத் தெரிந்தவரல்லர். இவ்வழியால் எத்தனை பேர் பயன்பெறுவர், அவர்கள் 500க்கு மேற்பட்டவரா கீழ்ப்பட்டவரா என்று அவர் கேட்கவில்லை. ஒருத்தி போய்ச்சேர முடியாமல் இறந்தாள் என்பதே அவருக்குப் போதிய எண்ணாயிருந்தது. ஓர் அரசு அவ்வாறு ஒன்றென்ற எண்ணைக் கொண்டே ஆளமுடியாது. அதற்குக் கோடிகள் வேண்டும், வரம்புகள் வேண்டும், அட்டவணைகள் வேண்டும். ஆயினும் அட்டவணையின் ஒவ்வொரு கட்டத்திலும் கூட்டத்தொகைக்கு உள்ளே அந்த ஒன்று இருக்கின்றது. அதை எண்ணுவோர் இருக்கும்வரை ஊர்களுக்கு வழி பிறக்கும்.